வியாழக்கிழமை ரொட்டி

வடிதட்டைத் தேடி நஸ்ரீன் சமையலறை அலமாரிகளை மறுபடியும் மறுபடியும் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அடுப்பில் அண்டா நிறைய அரிசி கொதித்தது. ஏழாம் நாள் துக்கத்துக்கு வருகிறவர்களுக்கான சாப்பாடு. இன்னும் கொஞ்சம் விட்டால் குழைந்துவிடும். குழைந்த சோற்றைப் போட்டால் இஸ்ஃபஹான்காரர்கள் செத்தவரை விட்டுவிட்டுச் சோற்றுக்காக அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

"அம்மா! அவ்வளவு பெரிய தட்டு எங்கதான் போயிருக்கும்? கால் முளைச்சா போச்சு?"

அது எங்கே இருக்கிறது என்று அவள் அம்மா அக்தருக்கு ஒரு வாரமாகத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிகிற இடம்தான். முற்றத்து நடுவில், மீன் தொட்டியின் கல்விளிம்பில், மாதுளை மரத்தின் நிழலில், அவள் கணவர் யதுல்லா வைத்தது வைத்தபடி இருந்தது. மற்றவர் கண்ணில் படாததற்குக் காரணம், அது இப்போது வடிதட்டு மாதிரியே இல்லை. துவாரமெல்லாம் பாசி அடைத்து, வெயிலில் காய்ந்து, யாரோ பச்சைத் துணியைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது.

"வெளிய தொட்டிக்கிட்ட இருக்கு. அத எடுக்காத," என்றாள் அக்தர். "பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கிக்க."

நஸ்ரீன் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அக்தர் தன் புருஷனிடம் கடைசியாகப் பேசியதும் இந்த வடிதட்டைப் பற்றித்தான். ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாகக் கூட வாழ்ந்த மனுஷனிடம் கடைசியாகச் சொல்ல உலகத்தில் எத்தனையோ நல்ல வார்த்தை இருக்கிறது. அவள் வாயில் வந்தது இது: "சோறு வடிக்கிற தட்டுல பாசி அள்ளுறீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா, இல்ல அதுலயும் பாசி பிடிச்சுப்போச்சா?"

அவர் விளிம்பில் குந்தியபடி, திரும்பிப் பார்க்காமலே, "இதோ, இன்னும் ஒரே ஒரு அள்ளு," என்றார். அவள் முணுமுணுத்துக்கொண்டே சமோவர் கொதிகலனில் தேநீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது வடிதட்டு விளிம்பில் இருந்தது, அவர் மாதுளை மரத்தில் சாய்ந்திருந்தார். அசந்துவிட்டார் என்று நினைத்து, "தேத்தண்ணி ஆறுது," என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்ல வாய் வரவில்லை.

நல்ல சாவு என்றார்கள் வந்தவர்களெல்லாம். படுக்கையில் விழவில்லை, யாருக்கும் பாரமில்லை, வெள்ளிக்கிழமை வேறு. எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா?

இந்தப் பாசி ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஒரு காலத்தில் அந்தத் தொட்டியின் அடியில் பதித்திருந்த நீல ஓட்டில் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும். ஜாயந்தே ஆற்றிலிருந்து தெருவோரக் கால்வாயில் தண்ணீர் வரும். தொட்டியை இறைத்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புவார்கள். கோடையில் தர்பூசணி மிதக்கும். புத்தாண்டுக்கு வீடுதோறும் கிண்ணத்தில் வாங்கி வைக்கிற சிவப்பு மீன்களும், பண்டிகை முடிந்ததும் அதில்தான் வந்து விழும். பிறகு ஆறு வற்றியது. பாலத்தின் அத்தனை கண்களுக்கு அடியிலும் மண் பறந்தது. குழாயில் குடிக்கிற தண்ணீருக்கே தாளம் போடுகிற ஊரில், மீன் தொட்டிக்கு யார் தண்ணீர் மாற்றுவார்? நின்ற தண்ணீர் நின்றபடி நின்றது. முதலில் மூலையில் நூல் நூலாகப் பாசி வந்தது. அப்புறம் தொட்டியே கீரைக் கஞ்சி ஆகிவிட்டது.

யதுல்லாவும் விடவில்லை. வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவர் அவர். டிக்கெட் இல்லாதவனைக்கூட "இறங்கு" என்று ஒரு தடவையும் சொன்னதில்லை என்று பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் பாசியிடம் மட்டும் மல்லுக்கு நின்றார். மயில்துத்தம் கரைத்துப் போட்டார். பாசி போகவில்லை, மீன்தான் பாதி செத்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். வெயில் படாமல் கோரைப்பாய் கட்டினார். அல்லிக் கிழங்கு நட்டார். இந்த வசந்தத்தில் பார்லி வைக்கோலைக் கட்டி முக்கினால் பாசி அடங்கும் என்று எவனோ சொல்ல, அதைத் திணிக்கப் பை கிடைக்காமல் அக்தரின் கறுப்புக் காலுறைகளை எடுத்துத் திணித்துவிட்டார். தண்ணீரில் இரண்டு கால்கள் மிதந்ததைப் பார்த்து அக்தர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"உங்க அல்வா வாசனை வர்ற வரைக்கும் இந்தப் பாசியோடதான் குடித்தனம்," என்று சொல்வாள். செத்தவர்களுக்காக அல்வா கிளறுகிற ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. அவர் சிரிப்பார். "குங்குமப்பூ கொஞ்சம் தூக்கலாப் போடு," என்பார்.

இன்று அடுப்படியில் அந்த அல்வாதான் மணத்துக்கொண்டிருந்தது. குங்குமப்பூ தூக்கலாகத்தான் போட்டிருந்தாள்.

மகன் பெஹ்ரூஸ் காலையிலேயே ஒரு தண்ணீர்ப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினான். அவனுக்குத் தெஹ்ரானில் வேலை. நல்ல பையன்தான். ஆனால் துக்கம் வந்தால் அழத் தெரியாது. எதையாவது கழற்றி மாட்ட வேண்டும். இந்த ஒரு வாரத்தில் வீட்டில் ஆடிய கதவு, ஒழுகிய குழாய், எரியாத விளக்கு எல்லாவற்றையும் முடித்துவிட்டான். மிச்சம் இருந்தது தொட்டி.

"என்னடா இது?"

"இறைச்சு விட்டுடலாம்மா. சாயங்காலம் அத்தனை பேர் வர்றாங்க. நாத்தம் தாங்கல. கொசு வேற. நீங்க தனியா இருக்கப்போறீங்க, ஒரு நாள் வழுக்கி உள்ள விழுந்தா யாரு பாப்பா? இறைச்சுட்டு, மண்ணக் கொட்டி மூடிட்டா, மேல ரோஜாச் செடி வச்சுக்கலாம்."

"மீனு?"

"அதுல மீன் இருக்குன்னு யாரு பாத்தா?"

யதுல்லாவின் அக்கா எஸ்ஸத் கூடத்துப் படியில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தில் வாதுமைப் பருப்பை அடைத்துக்கொண்டிருந்தாள். கை பழத்தில் இருந்தாலும் காது முற்றத்தில்தான் இருந்தது. "என் தம்பியக் கொன்னதே அந்தத் தொட்டிதான். மூடித் தொலைங்க," என்றாள்.

"உங்கள யாரு கேட்டா?" என்றாள் அக்தர்.

"ஆமா, என்னை எதுக்குக் கேப்பீங்க? தேக்கரண்டி காணோம்னா மட்டும் என்னைத்தான் கேப்பீங்க."

இது ஒரு பழைய வழக்கு. வீட்டில் வரிசையாகத் தேக்கரண்டிகள் காணாமல் போயின. நாத்தனார் வந்துபோகிற நாட்களில்தான் போகின்றன என்று அக்தர் வாய் தவறி ஒரு தடவை சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் எஸ்ஸத் இந்த வீட்டில் தேநீர் குடிக்கும்போதெல்லாம் கரண்டியைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

"நீங்களேதானம்மா சொல்லுவீங்க, மூடித் தொலைக்கணும்னு," என்றான் பெஹ்ரூஸ். "போன்ல பேசுறப்பல்லாம் அதானே பேச்சு?"

சொன்னாள்தான். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் பம்பின் குழாயை அவன் தண்ணீருக்குள் இறக்கப்போனபோது அக்தர் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டாள், வடிதட்டுக்குப் பக்கத்தில்.

"அவர் ஒரு நாளாவது இதத் தெளிஞ்சு பாக்கணும்னு கிடந்தார்டா. அவர் மண்ணு காயறதுக்குள்ள இதுல மண்ணக் கொட்டணுமா?"

பெஹ்ரூஸ் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணைப் பார்த்தால் எந்த நேரமும் உடைந்துவிடும் போல இருந்தது. உடையவில்லை. "சரி. நாப்பதாம் நாளைக்கு வருவேன். அன்னைக்கும் இப்படியே இருந்தா, மண் லாரியோட வருவேன். அப்போ நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்," என்றாள் அக்தர். சொல்லிவிட்டாளே தவிர, பன்னிரண்டு வருஷமாக அவர் தலையால் தண்ணீர் குடித்தும் முடியாதது தன்னால் எப்படி முடியும் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வாசலில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணிக்கு அடியில் செருப்புகள் குவிந்தன. ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்திருக்க, ஓதுகிற குரல் வீடு முழுக்கக் கேட்டது. "இதுவே உங்களுக்குக் கடைசித் துக்கமா இருக்கட்டும்," என்று ஒவ்வொருத்தியும் அக்தரின் கன்னத்தில் கன்னம் வைத்துச் சொன்னாள். சோறு குழையவில்லை. அந்த வகையில் அன்றைய அழுகையெல்லாம் யதுல்லாவுக்கே கிடைத்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அக்தர் எழுந்தாள். வியாழக்கிழமை. வியாழன் சாயங்காலம் செத்தவர்கள் தங்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள். மற்றவர்கள் அல்வாவும் பேரீச்சையும் தெருவில் கொடுப்பார்கள். அக்தர் ரொட்டி போடுவாள்.

அது மஹ்தாபுக்காக. அவர்களுடைய மூத்த பெண். பெஹ்ரூஸும் நஸ்ரீனும் பிறப்பதற்கு முன்னால் பிறந்து, முன்னாலேயே போனவள். ஒரு பனிக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். இருந்த கொஞ்ச நாளும் அவள் வேலை ஒன்றுதான்: கையில் ரொட்டியைக் கொடுத்தால் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தொட்டியில் பிய்த்துப் போடுவாள். "மீனுக்குப் பசிக்குது" என்பாள். அல்வா அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காததைக் கொடுத்து என்ன பிரயோசனம்? அதனால் அன்றிலிருந்து எந்த வியாழக்கிழமையும் தவறாமல் அக்தர் ஒரு முழு ரொட்டியைத் தொட்டியில் பிய்த்துப் போட்டாள். அவளும் யதுல்லாவும் அந்தப் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே இல்லை. ஒருவர் சொன்னால் மற்றவர் தாங்கமாட்டார் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள் போலிருக்கிறது. ஆனால் வியாழன்தோறும் யதுல்லா ரொட்டிக்கடை வரிசையில் நின்று, கூழாங்கல்லில் சுட்ட எள் ரொட்டி இரண்டு வாங்கி வருவார். ஒன்று சாப்பிட. இன்னொன்றை ஒன்றும் சொல்லாமல் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார்.

இன்று நஸ்ரீன்தான் வாங்கி வந்திருந்தாள். அக்தர் ரொட்டியின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு கல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி விளிம்பில் நின்று பிய்த்தாள். முதல் துண்டு பச்சைமேல் விழுந்து அப்படியே உட்கார்ந்தது.

"அட, தங்கச்சி! இன்னுமா இதப் போடுறீங்க?"

அஸ்கர் மரத்தடியில் நின்று சிகரெட் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். யதுல்லாவின் பால்ய சிநேகிதர். புத்தாண்டுக்குச் சிவப்பு மீன் விற்பவர். மற்ற நாளில் பறவைத் தீனி. சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இன்னுமான்னா?" என்றாள் அக்தர்.

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல தங்கச்சி. போடுங்க. புண்ணியம்."

"அஸ்கர் அண்ணே, ஏழு நாளா எல்லாரும் என்கிட்ட நல்ல வார்த்தையாவே பேசிக் கொல்றாங்க. நீங்களாவது ஒழுங்காப் பேசுங்க. இன்னுமான்னா என்ன?"

அஸ்கர் சிகரெட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவர்தான் போயிட்டாரே."

"போனவனுக்குக் குடுத்த வாக்கு இன்னும் கனம்மா." தொட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "பாசி சும்மா வளராது தங்கச்சி. அதுக்கும் யாராவது சோறு போடணும். ஆத்துத் தண்ணி வந்து போயிட்டிருந்தவரைக்கும் ரொட்டி மிச்சமெல்லாம் அதோட போச்சு. இப்போ? நாலு மீன் எவ்வளவு திங்கும்? மிச்சம் அடியில போய் அழுகுது. அதத் தின்னுதான் இது இப்படிக் கொழுத்துக் கிடக்கு. நீங்க வாரா வாரம் ரொட்டி போட்டா, மயில்துத்தம் என்ன, வைக்கோல் என்ன, என் பாட்டன் வந்தாலும் தெளியாது."

அக்தரின் கையில் பாதி ரொட்டி இருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"ஆரம்பத்துலயே சொன்னேன். 'வீட்டுல ரொட்டிய நிறுத்தச் சொல்லு, கொஞ்ச நாள்ல தானாத் தெளியும்'னு. 'அது முடியாது அஸ்கர். வேற மருந்து இருந்தா சொல்லு'ன்னான். 'டேய், வேர் இங்க இருக்கு, நீ இலையப் பிச்சுட்டிருக்க'ன்னேன். 'ரொட்டி அது பாட்டுக்குப் போகட்டும். பாசி என் வேலை'ன்னான். அப்புறம் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் மீசையப் பிடிச்சு வாக்கு வாங்கிட்டான். ஏன்னு எனக்குத் தெரியாது. கேட்டா சொல்ற ஆளா அவன்?"

முன்னறையிலிருந்து யாரோ அஸ்கரைக் கூப்பிட்டார்கள். அவர் தப்பித்தோம் என்று போய்விட்டார்.

அக்தர் விளிம்பில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வடிதட்டு. ஏழு நாளாகத் தொடாமல் காவல் காத்த தட்டை இப்போது மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். காய்ந்த பாசியை விரலால் பிரித்தாள். அதற்குள் ஊறி உலர்ந்த ரொட்டித் துண்டுகள். துவாரங்களில் எள். ஒன்றல்ல, இரண்டல்ல, தட்டு முழுக்க எள்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் ஏன் விடியும் முன்னால் எழுந்தார் என்று இப்போது தெரிந்தது. நீளத் தொழுகிறார் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்! முந்தின நாள் வரிசையில் நின்று வாங்கி வந்த ரொட்டியை, அவள் எழுந்து பார்ப்பதற்குள், குனிந்து குனிந்து அள்ளியிருக்கிறார். அன்றைக்கு அவள் சீக்கிரம் எழுந்துவிட்டாள். அதனால்தான் முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டை மறைத்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு அள்ளு என்றார்.

துக்கம் வரும் என்று பார்த்தால் அக்தருக்கு வந்தது கோபம். அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை.

"வாய்ல என்ன வச்சிருந்தீங்க? கொழுக்கட்டையா?" என்று மரத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஒரு வார்த்த! 'அக்தர், ரொட்டி போடாத'ன்னு ஒரே ஒரு வார்த்த! சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்? ஊர்ல எவனையும் இறங்குன்னு சொல்ல மாட்டீங்க, சரி. பொண்டாட்டிகிட்டயுமா சொல்லக் கூடாது? பன்னிரண்டு வருஷம் என் வாயாலயே முட்டாள், மூளையில்லாதவன்னு வாங்கிக்கட்டிக்கிட்டு... அட பாவி மனுஷா!"

நஸ்ரீன் ஓடி வந்தாள். பெஹ்ரூஸும் பின்னால் வந்தான். ஜன்னலில் பெண்களின் தலைகள் தெரிந்தன. ஓதுகிறவர்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். அதற்குள் அக்தரின் கோபம் அழுகையாகிவிட்டது. ஏழு நாளில் முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள். வடிதட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். நஸ்ரீன் தட்டை வாங்கப் பார்த்தாள், தரவில்லை.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் பெஹ்ரூஸ், "அவ்வளவுதானே? ரொட்டி போடுறத நிறுத்திடுங்க," என்றான். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடச் சொல்கிற மாதிரி சொன்னான். அவனுக்கு அந்த ரொட்டி யாருக்கு என்று தெரியாது. ஒரு அக்கா இருந்தாள் என்று மட்டும் தெரியும். அவன் தெஹ்ரானுக்குக் கிளம்பிப் போனான்.

அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ரொட்டியை நிறுத்தினால், நம்பி வருகிற குழந்தையை வாசலோடு திருப்பி அனுப்புகிற மாதிரி. நிறுத்தாவிட்டால், நாற்பதாம் நாள் லாரி வந்து அவர் பட்ட பாட்டின்மேல் மண்ணைக் கொட்டும். பிள்ளையா, புருஷனா? செத்தவர்கள் இரண்டு பேரும் அவளை நடுவில் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

வியாழன் சாயங்காலம் ரொட்டியோடு தொட்டிக்கு வந்தாள். மீன்களுக்கு அவள் காலடி தெரியும். பச்சைக்குள்ளிருந்து இரண்டு மூன்று வாய்கள் திறந்து மூடின. அக்தர் திரும்பி, மொட்டைமாடிப் படியில் கால் வைத்தாள். முழங்காலுக்காக அவள் வருஷக்கணக்காக ஏறாத படி.

"எங்கம்மா போறீங்க?" என்று நஸ்ரீன் கீழேயிருந்து கேட்டாள்.

"மாடிக்கு. குருவி, புறாவெல்லாம் இருக்குல்ல, அதுவும் உயிர்தானே."

"மஹ்தாபுக்கா?"

அந்தப் பெயர் அந்த முற்றத்தில் கேட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும்! அக்தர் படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது இந்த வீட்டில். வாய்தான் யாருக்கும் இல்லை.

"ஆமா," என்றாள். "மஹ்தாபுக்கு."

"அவ்வளவு படி. சின்னப் பிள்ளை எப்படி ஏறுவா?"

நஸ்ரீன் விளையாட்டாகத்தான் கேட்டாளோ, இல்லை நிஜமாகவே கேட்டாளோ. அக்தர் நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னாள்.

"இப்போதான் அவ அப்பா கூட இருக்காரே. தூக்கிட்டு வருவார்."

அஸ்கர் சொன்னபடி எல்லாம் செய்தார்கள். அடியில் தங்கிய கறுப்புச் சேற்றை, தண்ணீரை அதிகம் கலக்காமல், வாளி வாளியாக எடுத்து மாதுளைக்கும் முசுக்கட்டை மரத்துக்கும் ஊற்றினார்கள். யதுல்லா கட்டிய கோரைப்பாயைச் சரி செய்தார்கள். வைக்கோல் திணித்த காலுறைகள் இரண்டையும் அப்படியே விட்டார்கள். வேண்டுமென்றால் இன்னொரு ஜோடி தருகிறேன் என்றாள் அக்தர். "உடனே எதிர்பாக்காதீங்க. மொதல்ல இன்னும் மோசமாகும்," என்று அஸ்கர் எச்சரித்திருந்தார். ஆயிற்று. தண்ணீர் பச்சையிலிருந்து பழுப்பானது. பழைய தேநீர் மாதிரி, பார்க்கச் சகிக்கவில்லை. பெஹ்ரூஸ் போனில், "தொட்டி எப்படி இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம், "ரொம்ப மோசமா இருக்கு," என்று அக்தர் பெருமையாகச் சொன்னாள். அவனுக்கு அம்மாவின் புத்தியைப் பற்றியே கவலை வந்துவிட்டது.

பிறகு காற்று குளிர்ந்தது. மாதுளைகள் வெடித்தன. அக்தர் காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பதை நஸ்ரீன் தடுத்துவிட்டாள். "பாத்துட்டே இருந்தா பால் பொங்காது" என்றாள்.

நாற்பதாம் நாள் துக்கத்தை அந்த வாரத்து வியாழக்கிழமையில் வைத்தார்கள், மறுபடியும் அண்டா ஏறியது. இந்தத் தடவை யாரும் எதையும் தேடவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய வடிதட்டில் அக்தரே சோற்றை வடித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. துவாரம் ஒன்றில் இன்னும் ஒரு எள் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் கழிந்து, விருந்தினர் வருவதற்கு முன்னால், சமையலறை ஜன்னலில் இருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து ஏறினாள். புறாக்கள் அவளுக்காகக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் காத்திருந்தன. ரொட்டிக்கடை வரிசையைவிட ஒழுங்கு.

கீழே தெருக்கதவு திறந்தது. பெஹ்ரூஸ் வந்துவிட்டான். காதில் போன். "ஆமாங்க, மண்ணு ஏத்திட்டீங்களா? தெருவுக்குள்ள லாரி வராது, முனையில..." என்று பேசிக்கொண்டே முற்றத்துக்குள் வந்தவன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். பேச்சும் நின்றது.

போனில் எதிர்ப்பக்கத்துக்காரன் கத்துவது மாடிக்குக் கேட்டது.

"இல்ல," என்றான் பெஹ்ரூஸ். "இன்னைக்கு வேண்டாம்." குனிந்து பார்த்துவிட்டு, "நாளைக்கும் வேண்டாங்க," என்றான்.

போனைப் பையில் போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தான். எஸ்ஸத் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளும் இறங்கி வந்தாள். குனிந்தாள். அவள் போட்ட சத்தத்தில் புறாக்கள் எழுந்து அடங்கின.

"ஏய் அக்தர்! வந்து பாருடி! உன் தேக்கரண்டி எல்லாம் இங்க கிடக்கு! அத்தனையும் கிடக்கு! என் தம்பி தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு உள்ள போட்டிருக்கான், நீ என்னைத் திருடின்னு ஊரெல்லாம்..." மேலே பேச வராமல் முந்தானைபோல் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மாடியிலிருந்து தெரியவில்லை.

"அம்மா," என்றான் பெஹ்ரூஸ். குரல் உடைந்திருந்தது. "அப்பாவோட மூக்குக் கண்ணாடி. காணோம்னு தேடினாரே, அது. இதோ, அடியில. தெளிவாத் தெரியுது." அவன் சட்டைக் கையை மடித்தான். தோள் குலுங்கியது. கடைசியில் அவனுக்கும் அழத் தெரிந்துவிட்டது.

"கையப் போடாதடா," என்றாள் அக்தர் மேலேயிருந்து. "தண்ணி கலங்கும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அக்தர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கையிலிருந்த ரொட்டியின் ஓரத்தைத் தன் வாயில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் புறாக்களுக்குப் பிய்த்துப் போட்டாள். கீழே நீல ஓடுகளுக்கு மேலே ஒரு சிவப்பு மீன் மூக்குக் கண்ணாடி வரைக்கும் வந்து, கொஞ்சம் நின்று, திரும்பிப் போனது.